சூடு தெரிந்தது, ஆள் தெரியவில்லை: 1991 பிப்ரவரி 17 இரவு குறித்த நிகழ்வு ஆய்வு

1991 பிப்ரவரி 17, நள்ளிரவு தாண்டிய நேரம். வளைகுடாப் போரில் தரைவழித் தாக்குதல் தொடங்க இன்னும் ஒரு வாரம் இருந்தது. சவூதி - ஈராக் எல்லையின் மணல் மேட்டுக்கு வடக்கே, ஈராக் நிலத்துக்குள், அமெரிக்கத் தரைப்படையின் காவல் அணி ஒன்று கவச வண்டிகளை வரிசையாக நிறுத்திக் காத்திருந்தது. எதிரே சந்தேகத்துக்குரிய வண்டிகள் நகர்வதாகத் தகவல் வந்ததும், அவற்றைக் கவனிக்க அப்பாச்சி ஹெலிகாப்டர் குழுவை அழைத்தார்கள். வந்த குழுவுக்குத் தலைமை தாங்கியவர் அந்த ஹெலிகாப்டர் படைப்பிரிவின் தளபதியே. காற்று பலமாக வீசிக்கொண்டிருந்தது. வெப்பப்படத் திரையில் இரண்டு வண்டிகள் தெளிவாகத் தெரிந்தன. கீழே இருந்த தரைப்படை அதிகாரியிடம் வானொலியில் கேட்டு, அவை எதிரி வண்டிகள்தான் என்று உறுதி பெற்ற பிறகு, தளபதி இரண்டு ஹெல்ஃபயர் ஏவுகணைகளைச் செலுத்தினார். இரண்டும் குறி தவறவில்லை.

அடிபட்டவை ஒரு பிராட்லி கவச வண்டியும், தரைக் கண்காணிப்பு ரேடார் பொருத்திய ஓர் எம்-113 வண்டியும். இரண்டும் அமெரிக்க வண்டிகள். 2 பேர் இறந்தார்கள், 6 பேர் காயமடைந்தார்கள். தளபதி பொறுப்பிலிருந்து நீக்கப்பட்டார்.

இந்த நிகழ்வைப் பற்றி ராணுவ விசாரணை நடந்தது. அமெரிக்க நாடாளுமன்றத்தின் கணக்காய்வு அலுவலகமும் 1993-இல் தனி அறிக்கை வெளியிட்டது. அதன் முடிவு சுருக்கமானது: முதன்மைக் காரணம் மனிதத் தவறு. அது சரிதான். ஆனால் அந்த ஒரு வரியோடு நிறுத்திக்கொண்டால் இந்த நிகழ்விலிருந்து கற்க வேண்டியதில் பாதி கைநழுவிப் போகும். அந்த இரவில் வெப்பக் கண்ணும் லேசரும் தத்தம் வேலையைச் செய்தன. ஒன்று இலக்கைக் கண்டுபிடித்தது, மற்றது இலக்கு எங்கே நிற்கிறது என்று அளந்தது. அந்த அளவு விமானி அறைக்குள்ளேயே இருந்தது. யாரும் அதைப் படிக்கவில்லை. என் வாதம் இதுதான்: அதற்குப் பின் செய்யப்பட்ட திருத்தங்களில் பெரும்பாலானவை கண்ணை மேம்படுத்தின, படிக்காமல் விட்ட எண்ணைத் தொடவே இல்லை.

வெப்பக் கண் என்ன பார்க்கிறது

அறை வெப்பநிலையில் இருக்கும் எந்தப் பொருளும் அகச்சிவப்புக் கதிர்களை வெளிவிடுகிறது. சுமார் 300 கெல்வினில் (27 டிகிரி செல்சியஸ்) உள்ள பொருளின் உமிழ்வு 9.7 மைக்ரான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அலைநீளத்தை ஒட்டி உச்சம் பெறும். காற்று மண்டலம் இந்தக் கதிர்களில் பலவற்றை விழுங்கிவிடும். 3 முதல் 5 மைக்ரான் வரை ஒரு சாளரமும், 8 முதல் 12 மைக்ரான் வரை இன்னொரு சாளரமும்தான் திறந்திருக்கின்றன. ராணுவ வெப்பப்படக் கருவிகள் எல்லாம் இந்த இரண்டில் ஏதாவது ஒன்றின் வழியாகத்தான் பார்க்கின்றன. அப்பாச்சியின் வெப்பக் கண் இரண்டாவது சாளரத்துக்கு உரியது.

இந்தச் சாளரத்தில் சாதாரணக் கண்ணாடி சுவர் மாதிரி. ஆகவே லென்ஸ் ஜெர்மானியத்தில் செய்யப்படுகிறது. வெறும் கண்ணுக்கு அது பளபளக்கும் சாம்பல் நிற உலோகத் தட்டு போலத்தான் தெரியும். அதன் வழியாக எதையும் பார்க்க முடியாது. ஒளிவிலகல் எண் 4-ஐ ஒட்டியது என்பதால், பூச்சு இல்லாத ஜெர்மானியம் ஒவ்வொரு பரப்பிலும் 36 சதவீதக் கதிரைத் திருப்பி அனுப்பிவிடும். எதிரொளி தடுக்கும் பூச்சு இல்லாமல் அந்த லென்ஸுக்கு மதிப்பே கிடையாது. லென்ஸுக்குப் பின்னால் இருக்கும் உணரி பாதரச காட்மியம் டெல்லுரைடு. இங்கிலாந்தின் மால்வர்ன் ரேடார் ஆய்வகத்தில் லாசனும் சக ஆய்வாளர்களும் 1959-இல் அறிவித்த சேர்மம் அது. காட்மியத்தின் பங்கைக் கூட்டிக் குறைத்தால் எந்த அலைநீளம் வரை பார்க்க வேண்டுமோ அதற்கு ஏற்றபடி அமைத்துக்கொள்ளலாம். ஆனால் உணரியின் சொந்த வெப்பமே பொய்யான சமிக்ஞை தரும் என்பதால், சுமார் 77 கெல்வின் (மைனஸ் 196 டிகிரி செல்சியஸ்) வரை குளிர்விக்க வேண்டும்.

ஒளிந்திருந்து பார்க்க இதைவிட வசதியான கருவி இல்லை. எதையும் வீசி அடிக்காமல், வருவதை மட்டும் வாங்கிக்கொள்கிறது. 1950-களிலும் 60-களிலும் வந்த சோவியத் டாங்கிகளில் அகச்சிவப்பு விளக்கு பொருத்தியிருந்தார்கள். விளக்கைப் போட்டால்தான் எதிரே என்ன நிற்கிறது என்று தெரியும். எதிரியிடமும் அகச்சிவப்பைப் பார்க்கும் கருவி இருந்தால், விளக்கைப் போட்டவன்தான் முதலில் மாட்டுவான். வெப்பப்படக் கருவிக்கு அந்தத் தொல்லை இல்லை.

அதே போரில் இதன் வலிமை இன்னோர் இடத்தில் நிரூபணமானது. ஈராக்கியர்கள் டாங்கிகளை மணலில் புதைத்து, மேலே வலை விரித்து மறைத்திருந்தார்கள். பகலில் மேலிருந்து பார்த்தால் எதுவும் புலப்படவில்லை. சூரியன் மறைந்த பிறகு கதை மாறியது. மணல் சீக்கிரம் ஆறிவிடும். பல டன் எஃகு அவ்வளவு சீக்கிரம் ஆறாது. எஃப்-111எஃப் விமானத்தின் பேவ் டாக் கருவியில், குளிர்ந்த மணற்பரப்பின் நடுவே புதைத்த டாங்கிகள் வெண்புள்ளிகளாக ஒளிர்ந்தன. அதே கருவியிலிருந்த லேசரால் குறியிட்டு, 227 கிலோ எடையுள்ள ஜிபியு-12 குண்டுகளை ஒன்றொன்றாக இறக்கினார்கள். பிப்ரவரி முதல் வாரத்தில் தொடங்கிய இந்த வேட்டை போர் முடியும் வரை நடந்தது. மறைவிடத்தை நம்பிய படை, தன் வண்டிகளை விட்டு விலகித் தூங்க வேண்டிய நிலைக்குப் போனது.

இந்த வெற்றிக்கும் பிப்ரவரி 17-க்கும் காரணம் ஒன்றே. கருவி காட்டுவது வெப்ப வேறுபாட்டை. வண்டிக்குள் இருப்பது யார் என்பது அதன் வேலையில் சேராது. எஃப்-111 விமானிகளுக்கு அது பிரச்சினையாகவில்லை. அவர்கள் பறந்த இடத்தில் கூட்டணித் தரைப்படை எதுவும் இல்லை. கீழே தெரியும் ஒவ்வொரு புள்ளியும் எதிரியாகத்தான் இருக்க முடியும். அதாவது அடையாளம் காணும் வேலையை வரைபடம் முடித்துக் கொடுத்திருந்தது, கேமரா அல்ல. எல்லை மணல் மேட்டுக்கு வடக்கே இரு தரப்பும் அருகருகே நின்ற இடத்தில், வரைபடத்தின் அந்த உதவி மறைந்துபோனது. கருவி மட்டும் அதே கருவி.

ஜான்சன் கணக்கு

அமெரிக்கத் தரைப்படையின் ஃபோர்ட் பெல்வார் ஆய்வகத்தைச் சேர்ந்த ஜான் ஜான்சன் 1958-இல் ஓர் அளவுகோலை முன்வைத்தார். ஒரு பொருளின் குறுகிய பக்கத்தின் மேல் எத்தனை கருப்பு - வெள்ளைக் கோட்டு இணைகளைக் கருவி பிரித்துக் காட்ட வேண்டும் என்பதே அளவு. ஏதோ ஒன்று இருக்கிறது என்று சொல்ல 1 இணை போதும். அது டாங்கியா, லாரியா என்று சொல்ல 4 வேண்டும். எந்த வகை டாங்கி என்று சொல்ல 6.4. இவை எல்லாம் பாதிக்குப் பாதி சரியாகச் சொல்வதற்கான அளவுகள். அதாவது 6.4 இணை கிடைத்தாலும் இரண்டில் ஒரு முறை தவறாகச் சொல்ல வாய்ப்பிருக்கிறது. கருவி விற்பவர்கள் கண்டுபிடிப்புத் தூரத்தைத்தான் பெரிய எழுத்தில் போடுவார்கள். அடையாளத் தூரம் அதில் ஆறில் ஒரு பங்கு என்பது அடியில் எங்கோ இருக்கும்.

ஒரு கணக்குப் போடலாம். கவச வண்டியின் உயரம் சுமார் 2.4 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 3 கிலோமீட்டர் தூரத்திலிருந்து பார்த்தால் அந்த உயரம் 0.8 மில்லிரேடியன் கோணத்தில் அடங்கிவிடும் (ஒரு கிலோமீட்டர் தூரத்தில் ஒரு மீட்டர் காட்டும் கோணமே ஒரு மில்லிரேடியன்). அதற்குள் 6.4 இணை, அதாவது கிட்டத்தட்ட 13 கோடுகள் பிரிந்து தெரிய வேண்டும். தூரம் இரட்டிப்பானால் அதே 13 கோடுகளை 0.4 மில்லிரேடியனுக்குள் அடக்க வேண்டும். அதோடு தூசி, காற்று, ஹெலிகாப்டரின் அதிர்வு.

இன்னொரு சிக்கல் ஜான்சன் கணக்குக்கே அப்பாற்பட்டது. வண்டியின் வகை தெரிந்துவிட்டால் தரப்பு தெரிந்துவிடும் என்று பொதுவாக நினைக்கிறோம். 1991 கூட்டணியில் சிரியாவின் டி-62 டாங்கிகள் இருந்தன. ஈராக்கிடமும் டி-62 இருந்தது. குவைத்தின் எம்-84 டாங்கி, டி-72-இன் யூகோஸ்லாவிய வடிவம். ஈராக்கிடம் டி-72 இருந்தது. லென்ஸை எவ்வளவு கூர்மையாக்கினாலும், ஒரே தொழிற்சாலையின் குடும்பத்தில் பிறந்த இரண்டு டாங்கிகளில் எது நம்முடையது என்று வெப்பப்படம் சொல்லாது.

லேசர் சொன்ன எண்

இப்போது லேசருக்கு வருவோம். இந்த நிகழ்வில் எனக்கு மிக முக்கியமாகப் படும் பகுதி இது.

அப்பாச்சியில் இருந்த லேசர் 1.06 மைக்ரான் அலைநீளத்தில் இயங்குவது. கண்ணுக்குத் தெரியாது, 8 முதல் 12 மைக்ரானில் பார்க்கும் வெப்பக் கருவிக்கும் தெரியாது. தனி எச்சரிக்கை உணரி இல்லாத வண்டிக்குத் தன் மேல் லேசர் விழுவதே தெரியாது. இது இரண்டு வேலைகள் செய்கிறது. ஒன்று, ஏவுகணைக்குக் குறியிடுவது: குறிப்பிட்ட சங்கேத இடைவெளியில் துடிக்கும் ஒளி இலக்கில் பட்டுச் சிதற, ஹெல்ஃபயரின் மூக்கில் உள்ள உணரி அந்தச் சிதறலை நோக்கிப் பறக்கும். இரண்டு, தூரம் அளப்பது: ஒளி போய்த் திரும்பும் நேரத்தை வைத்து. 3 கிலோமீட்டருக்கு 20 மைக்ரோ நொடி.

தூரம் தெரிந்துவிட்டது. கேமரா எந்தத் திசையில் திரும்பியிருக்கிறது என்பதும் தெரியும். ஹெலிகாப்டர் எங்கே இருக்கிறது என்பதை டாப்ளர் வழிகாட்டிக் கருவி சொல்கிறது. கொஞ்சம் பிழை சேர்ந்துகொண்டே போகும், ஆனாலும் சொல்கிறது. மூன்றையும் சேர்த்தால் இலக்கின் ஆயத்தொலைகள், அதாவது வரைபடத்தில் அதன் இடத்தைக் குறிக்கும் எண்கள், கிடைத்துவிடும். தரைப்படையின் காவல் வரிசை எங்கே இருக்கிறது என்பது முன்பே தெரிந்த விஷயம். அப்படியானால், குறிவைத்த வண்டி அந்த வரிசையின் மேலேயே நிற்கிறது என்ற உண்மை அறைக்குள் எட்டும் தூரத்தில் இருந்தது.

நடந்தது என்ன? சந்தேக வண்டிகளின் இருப்பிடம் என்று தரைப்படை சொன்ன ஆயத்தொலைகள் ஏற்கெனவே கையில் இருந்தன. தளபதி திசையைத் தவறாகப் படித்திருந்தார். ஆகவே கேமரா பார்த்துக்கொண்டிருந்தது வேறு வண்டிகளை. உறுதி கேட்பதற்காக அவர் வானொலியில் படித்துச் சொன்னது, தான் குறிவைத்த வண்டிகளின் ஆயத்தொலைகளை அல்ல. எதிரி இருப்பதாகச் சொல்லப்பட்ட இடத்தின் ஆயத்தொலைகளை. கீழே இருந்தவர் வரைபடத்தைப் பார்த்தார். அந்த இடத்தில் நம் ஆட்கள் இல்லை. ஆமாம், எதிரிதான் என்றார். அவர் சொன்னது அந்த எண்ணைப் பொறுத்தவரை முழுக்க முழுக்கச் சரி.

இதுதான் இந்த நிகழ்வின் முடிச்சு. உறுதிப்படுத்தும் நடைமுறை இருந்தது, இரண்டு தரப்பும் அதைப் பின்பற்றின, பதிலும் நேர்மையாக வந்தது. ஆனால் கேள்வியும் பதிலும் ஒரே காகிதத்திலிருந்து வந்தவை. தரைப்படை கொடுத்த எண்ணைத் தரைப்படையிடமே திருப்பிச் சொன்னால், அது பொருந்தத்தானே செய்யும்? சுதந்திரமான அளவு ஒன்றே ஒன்றுதான் இருந்தது, லேசர் அளந்தது. அது உரையாடலுக்குள் வரவே இல்லை.

அப்புறம் ரேடார் எச்சரிக்கை. அப்பாச்சியில் இருந்த எச்சரிக்கைக் கருவி, தன்னை ஒரு ரேடார் பார்க்கிறது என்று ஒலித்தது. அதை எதிரி ரேடார் என்றே வகைப்படுத்தியது. உண்மையில் அது கீழே நின்ற எம்-113 வண்டியின் தரைக் கண்காணிப்பு ரேடார். சந்தேகம் எழ வேண்டிய நேரத்தில், இன்னொரு கருவி வந்து சந்தேகத்தைத் தீர்த்துவைத்தது. இரண்டு தனித்தனி உணரிகள் ஒன்றையே சொன்னால் நம்பிக்கை கூடும் என்பது பொறியியல் பாடம். இரண்டும் தவறான காரணத்துக்காக ஒன்றையே சொன்னால் என்ன ஆகும் என்பதற்கு இந்த இரவு சாட்சி.

படைத்தளபதிகள் நேரடியாகச் சண்டையில் இறங்கக் கூடாது என்று மேலிட அறிவுறுத்தல் இருந்தது. அதை மீறியதுதான் பதவி நீக்கத்துக்குச் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. அதன் பின்னால் உள்ள நியாயம் எளிது: தளபதியே விசையில் கை வைத்திருக்கும்போது, அவர் படிக்கும் எண் சரியா என்று கேட்க அறையில் யாருக்கும் துணிவு வராது.

அவசரத்தில் வந்த விளக்கு

இது தனி நிகழ்வு அல்ல. ஜனவரி 29 இரவு, சவூதி எல்லை நகரான காஃப்ஜியை ஒட்டிய சண்டையின்போது, அமெரிக்கக் கடற்படைக் காலாட்படையினர் 11 பேர் தங்கள் தரப்பு ஏவுகணைகளால் இறந்திருந்தார்கள்: 4 பேர் பக்கத்து வண்டியிலிருந்து வந்த டோ ஏவுகணையால், 7 பேர் ஏ-10 விமானத்தின் மேவரிக் ஏவுகணையால். போர் முடிந்தபோது, அமெரிக்கத் தரப்பில் சண்டையில் இறந்தவர்களில் 35 பேர், அதாவது ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கினர், சொந்தப் படையின் குண்டுக்குப் பலியானவர்கள் என்று கணக்கு வந்தது.

வண்டிகளில் தலைகீழ் 'வி' வடிவக் குறியை வரைந்திருந்தார்கள். நிறப் பலகைத் துணிகளை விரித்திருந்தார்கள். இரண்டும் இரவில், தூரத்தில் பெரிதாக உதவவில்லை. பிப்ரவரியில் அமெரிக்கப் பாதுகாப்பு ஆய்வு முகமையான தார்பா அவசரமாக ஒரு கருவியைச் செய்யச் சொன்னது: அகச்சிவப்பு டயோடுகள் பொருத்திய, மின்கலத்தில் ஓடும் சிறு விளக்கு. இரவுப் பார்வைக் கண்ணாடி வழியாகப் பார்த்தால் சுமார் 8 கிலோமீட்டர் வரை தெரியும். பக்கவாட்டில் நிற்கும் எதிரிக்குத் தெரியாதபடி சுற்றிலும் ஒரு தடுப்பு வளையம். ஒளி மேல்நோக்கி மட்டும் போகும். கூடவே, 9 வோல்ட் மின்கலத்தின் தலையில் மாட்டும் இன்னும் எளிய 'பட் விளக்கு' ஆயிரக்கணக்கில் போனது. ராணுவ இரவுப் பார்வை ஆய்வகப் பொறியாளர் ஒருவரின் செல்லப்பெயர்தான் அதற்கு வந்தது. தார்பா விளக்கு களத்துக்கு வந்து சேர்ந்தபோது பிப்ரவரி 26. போர் 28-ஆம் தேதி நின்றுவிட்டது.

சில நாட்களில் ஒரு கருவியை வடிவமைத்து, செய்து, அனுப்பிவைத்தது பாராட்டுக்குரிய வேலை. ஆனால் பிப்ரவரி 17 இரவோடு அதை வைத்துப் பார்த்தால் ஒரு விஷயம் நெருடுகிறது. அந்த விளக்கின் ஒளி 0.9 மைக்ரானை ஒட்டியது. இரவுப் பார்வைக் கண்ணாடி அதைப் பார்க்கும். அதிலுள்ள காலியம் ஆர்சனைடு ஒளியுணரி ஏறக்குறைய 0.9 மைக்ரான் வரைதான் எட்டும். இலக்கைக் குறிவைக்கும் வெப்பக் கண் பார்ப்பதோ 8 மைக்ரானுக்கு மேல். அந்தக் கண்ணுக்கு இந்த விளக்கு அணைந்த விளக்குதான். ஹெலிகாப்டரில் யாராவது ஒருவர் இரவுப் பார்வைக் கண்ணாடியும் மாட்டிக்கொண்டு, சரியான திசையில் பார்த்து, தான் பார்ப்பதும் திரையில் தெரிவதும் ஒரே வண்டிதான் என்று உறுதிசெய்தால்தான் பயன். 'அகச்சிவப்பு' என்ற ஒரே பெயருக்குள் பத்து மடங்கு வேறுபட்ட அலைநீளங்கள் அடங்கியிருப்பதை, திட்டக் கோப்புகளில் கையெழுத்திடுபவர்கள் அடிக்கடி மறந்துவிடுகிறார்கள்.

குளிர்ந்த நாடா

வெப்பக் கண்ணுக்கும் தெரியும்படி குறியிட வேண்டுமென்றால் இரண்டு வழிகள். ஒன்று, சூடான பொருளை வைப்பது. அதற்கு மின்சாரம் வேண்டும். இரண்டாவது வழிதான் அழகானது: உமிழ்திறன் (தன் வெப்பத்தைக் கதிராக வெளிவிடும் திறன்) குறைந்த நாடா. பளபளப்பான உலோகப் பரப்பு தன் வெப்பத்தை அதிகம் வெளிவிடாது. எதிரே இருப்பதைத்தான் பிரதிபலிக்கும். அதைக் கொஞ்சம் மேல்நோக்கிச் சாய்த்து வைத்தால், அது காட்டுவது இரவு வானத்தை. தெளிவான இரவு வானம் 8 முதல் 12 மைக்ரான் சாளரத்தில் மிகக் குளிர்ந்தது. ஆகவே சூடான வண்டியின் மேல் கரும்பட்டை ஒன்று தெரியும். மின்கலம் வேண்டாம், கண்ணுக்குத் தெரியும் ஒளியில்லை, எதிரிக்குத் தெரிய வேண்டுமென்றால் அவனிடமும் வெப்பப்படக் கருவி இருக்க வேண்டும். போருக்குப் பின் வண்டிகளின் பக்கங்களில் மாட்டிய அடையாளப் பலகைகள் இந்தத் தத்துவத்தில் வந்தவைதான்.

களத்தில் இதன் பலவீனம் சீக்கிரமே வெளிப்படும். செங்குத்தாக மாட்டினால் அது வானத்தைக் காட்டாது, தரையைக் காட்டும். தரையும் வண்டியும் ஒரே சூடு என்றால் பட்டை காணாமல் போகும். மேகம் கவிந்தால் வானமே வெதுவெதுப்பாகிவிடும். எல்லாவற்றுக்கும் மேலாக, தூசி. மணல் தூசியின் உமிழ்திறன் அதிகம். பாலைவனத்தில் வண்டி ஒரு மணி நேரம் ஓடினால் நாடாவின் மேல் படியும் தூசி போதும், அது மீண்டும் சாதாரண வண்டிப் பரப்பாகிவிடும். துடைத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்ற கட்டளையை, தூக்கம் இல்லாத சிப்பாய் எத்தனை முறை நினைவில் வைப்பான்?

தினமும் இரண்டு முறை, அதிகாலையும் அந்தியும், வண்டியும் பின்னணியும் ஒரே வெப்பநிலைக்கு வந்து சேரும் வேளையும் உண்டு. அப்போது வண்டியின் உருவமே கரைந்துபோகும். பட்டை தெரிந்தாலும் எதன் மேல் பட்டை என்று சொல்ல முடியாது.

2001-உம் 2003-உம்

2001 டிசம்பர் 5, ஆப்கானிஸ்தான், காந்தகாருக்கு வடக்கே. அமெரிக்கச் சிறப்புப் படையினர் பி-52 விமானத்துக்கு இலக்கின் ஆயத்தொலைகளை அனுப்பினார்கள். லேசர் தூரமானியும் ஜிபிஎஸ் கருவியும் சேர்ந்து கணக்கிட்ட எண். அனுப்பும் முன் ஜிபிஎஸ் கருவியின் மின்கலம் மாற்றப்பட்டது. மாற்றியதும் கருவி, இலக்கின் இடத்துக்குப் பதிலாகத் தான் இருக்கும் இடத்தைத் திரையில் காட்டியது. அது எந்த எண் என்று கவனிக்காமல் அனுப்பிவிட்டார்கள் என்பதே பின்னர் செய்திகளில் வெளியான விளக்கம். 900 கிலோ குண்டு அனுப்பியவர்கள் மேலேயே விழுந்தது. அமெரிக்கர் 3 பேரும், கூட இருந்த ஆப்கானியர் பலரும் இறந்தார்கள். பின்னாளில் ஆப்கானிஸ்தான் அதிபரான ஹமீத் கர்சாயும் அங்கே இருந்தார், லேசான காயத்தோடு தப்பினார்.

இதையும் பிப்ரவரி 17-ஐயும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். லேசர் சரியாக அளந்தது. திரையில் இரண்டு எண்களுக்கு இடம் இருந்தது, ஒன்று இலக்கு, ஒன்று வேறு ஏதோ. எது எது என்று கருவி உரக்கச் சொல்லவில்லை. பத்து ஆண்டுகளுக்கு இடையே, வேறு ஆயுதம், வேறு நாடு, அதே இடறல். 1991-க்குப் பிறகு பணம் விளக்குகளுக்கும் பலகைகளுக்கும் போனது. இலக்கின் எண்ணும் நம் எண்ணும் ஒன்றாகவோ அருகிலோ வந்தால் ஆயுதத்தைப் பூட்டும் ஒரு சாதாரணச் சரிபார்ப்பு, இந்த இரண்டு இடத்திலுமே ஆட்களைக் காப்பாற்றியிருக்கும். அதற்கு எந்த அபூர்வப் பொருளும் தேவையில்லை. கழித்தல் தெரிந்தால் போதும்.

2003 மார்ச் 28, பாஸ்ராவுக்கு வடக்கே, நல்ல பகல். இரண்டு அமெரிக்க ஏ-10 விமானங்கள் பிரிட்டிஷ் கவச வண்டிகளைத் தாக்கின, ஒருவர் இறந்தார். வண்டிகளின் மேல் ஆரஞ்சு நிற அடையாளப் பலகைகள் இருந்தன. விமானிகள் அந்த ஆரஞ்சைப் பார்த்தார்கள், பேசிக்கொண்டார்கள், கடைசியில் அவை ராக்கெட்டுகள் என்று முடிவுகட்டினார்கள். 2007-இல் ஆக்ஸ்ஃபோர்டில் நடந்த மரண விசாரணை இதைச் சட்டவிரோதக் கொலை என்று அறிவித்தது. இங்கே பொருள் தோற்கவில்லை, நிறம் தோற்கவில்லை. குறி தெரிந்தது, ஆனால் இந்த இடத்தில் நம்மவர் யாரும் இல்லை என்று முன்பே தீர்மானித்த மனம், குறிக்கு வேறு அர்த்தம் கொடுத்தது.

கேட்டால் மட்டும் பதில் சொல்லும் குறி

எப்போதும் எரியும் விளக்குக்கு இன்னோர் ஆபத்து இருக்கிறது. 1991-இல் ஈராக் படையில் இரவுப் பார்வைக் கண்ணாடி அரிது. அந்தத் துணிச்சலில்தான் விளக்கு வடிவமைக்கப்பட்டது. இன்று அந்தக் கண்ணாடி யாரிடம் வேண்டுமானாலும் இருக்கலாம். நண்பனுக்குக் காட்டும் விளக்கு எதிரிக்கும் வழிகாட்டும். சீருடைத் தோளில் தைக்கும் அகச்சிவப்புப் பிரதிபலிப்புத் துணி பரவலானதற்கு இதுவே காரணம்: தானாக ஒளிராது, மேலே லேசர் ஒளி விழுந்தால் மட்டும் பளிச்சிடும். ஆனால் அதுவும் கேட்பவர் யார் என்று பார்ப்பதில்லை.

அடுத்த படி, கேள்விக்கு மட்டும் பதில் சொல்லும் கருவி. சங்கேதமிட்ட லேசர் ஒளியால் கேட்க வேண்டும். எதிரே இருப்பவரின் உணரி சங்கேதத்தைச் சரிபார்த்து, வானொலியிலோ, வந்த ஒளியில் பதிலைச் சங்கேதமாகப் பதித்து (பண்பேற்றி) அதே வழியில் திருப்பியோ பதில் தரும். இரண்டாவது முறைக்குப் பின்னால் இருப்பது வந்த வழியே ஒளியைத் திருப்பும் மூலை எதிரொளிப்பான். இதன் மறுபக்கமும் ராணுவங்களுக்குத் தெரியும்: எந்த உருப்பெருக்கிக் கண்ணாடியும் தன்மேல் விழும் லேசரைக் கொஞ்சம் வந்த திசையிலேயே திருப்பி அனுப்பும். ஒளிந்திருக்கும் துப்பாக்கிக்காரனின் தொலைநோக்கியை அந்தத் திரும்பொளியாலேயே கண்டுபிடிக்கும் கருவிகள் உண்டு. பார்ப்பவனைக் காட்டிக்கொடுப்பது அவன் பார்க்கும் கருவியே.

வண்டிகளுக்காக அமெரிக்கா மில்லிமீட்டர் அலையில் இதே கேள்வி - பதில் முறையை 1990-களில் உருவாக்கியது. தூசியும் புகையும் அதை லேசர் அளவுக்குத் தடுக்காது. செலவு அதிகம் என்று 2001-இல் திட்டம் நிறுத்தப்பட்டது. அதற்குப் பதில் 2003-இல் ஈராக்குக்குப் போனது, ஒவ்வொரு வண்டியின் இடத்தையும் செயற்கைக்கோள் வழியே பகிர்ந்து திரையில் நீல நிறப் புள்ளியாகக் காட்டும் வலையமைப்பு. என் பார்வையில் 1991 நிகழ்வுக்கு நேரடியாகப் பதில் சொன்ன முதல் கருவி அதுதான், ஏனென்றால் அது வண்டியின் தோற்றத்தைப் பற்றியே கவலைப்படவில்லை. ஆனாலும் எல்லா வண்டிகளிலும் அது இல்லை, புள்ளி நகர்வதில் தாமதம் உண்டு, கூட்டணி நாடுகளின் வண்டிகள் பலவும் அதற்குள் வரவில்லை. நீலப் புள்ளி இல்லாத இடத்தில் நிற்பவன் எதிரி என்று யாராவது திரையைப் பார்த்து முடிவுசெய்தால், எல்லை மணல் மேட்டுக்கு வடக்கே கேட்ட அதே கேள்வியும் அதே பதிலும் மறுபடி வரும்.